கீர்த்தனையும் கிற்றாரும்



ஞாயிறு காலை எங்கள் வானொலியில் கிறிஸ்தவப் பாடல்கள் ஒலிபரப்பாகி முடிந்ததும் வரும் தொலைபேசி அழைப்புகளை இரண்டு கட்டாகக் கட்டிவிடலாம். "என்ன தம்பி, ஒரு கீர்த்தனைகூடப் போடமாட்டியளோ, எல்லாம் ட்றம்ஸ் சத்தமாய்க் கிடக்கு" என்று கேட்கும் அம்மாமாரும் ஐயாமாரும் ஒரு கட்டு. "அங்கிள், அந்த இழுக்கிற பாட்டுகளைக் கொஞ்சம் குறைச்சால் பிள்ளைகளும் இருந்து கேட்பினம்" என்று சொல்லும் இளம் குடும்பத்தினர் மற்றக் கட்டு. சபைகளிலும் இதே வழக்குத்தான் நடக்கிறது. சில இடங்களில் அது முற்றி, காலையில் பெரியவர்களுக்கு ஒரு ஆராதனை, பின்னேரம் இளையோருக்கு இன்னொன்று என்று ஒரே சபை இரண்டாகக் கூடுகிறது. அம்மம்மாவைக் காலையில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, பிள்ளைகளைப் பின்னேரம் கொண்டுபோகும் தகப்பன்மார் எத்தனையோ பேரை இந்த ஜேர்மனியில் எனக்குத் தெரியும்.

இது வேதக்காரரின் வீட்டுச் சண்டை என்று சைவ நேயர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். தேவாரமா பஜனையா, ஓதுவார் முறையா ஒலிநாடாவா என்று உங்கள் கோவில்களிலும் கேட்கப்படும் கேள்வியின் அடுத்த வீட்டுக் கேள்விதான் இது. இந்த மாதப் பேச்சில், நாங்கள் 'பாரம்பரியப் பாட்டு' என்று எதைச் சொல்கிறோமோ அதன் வயது என்ன, அது வந்தபோது யார் யார் எதிர்த்தார்கள் என்பதைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க நினைக்கிறேன்.

தமிழில் சீர்திருத்தச் சபையாரின் பாட்டு தரங்கம்பாடியில் தொடங்குகிறது. 1706ஆம் ஆண்டு யூலை 9ஆம் திகதி அங்கே வந்திறங்கிய சீகன்பால்க், புளுட்சோ ஆகிய இருவரையும் அனுப்பியது டென்மார்க் மன்னர். ஆனால் அவர்கள் ஜேர்மனியர்கள்; ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தில் ஊறியவர்கள். அவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் ஜேர்மன் பாடல்களைத் தமிழாக்கி, ஜேர்மன் மெட்டிலேயே பாடவைத்தார்கள். இவைதான் பின்னாளில் ஞானப்பாட்டுகள் எனப்பட்டவை. பெப்ரீசியுஸ் (1711–1791) இந்த வேலையைச் சீராக்கி முடித்தார். தமிழ் தெரிந்த எவருக்கும் அந்தப் பாட்டுகளில் ஒரு நெருடல் தட்டுப்படும். மெட்டு முன்னரே இருந்தது, சொல் பின்னால் வந்தது; ஆகவே குறில் நீளும், நெடில் குறுகும், சொல் நடுவிலே உடையும். இருந்தும் மக்கள் அவற்றைப் பாடி, மனப்பாடம் செய்து, மரணப் படுக்கையிலும் சொன்னார்கள்.

அந்த ஜேர்மன் பாட்டுகளாவது ஜேர்மனியில் மதிப்புக்குரிய பழைய பாட்டுகளாக இருந்தனவா? ஹாலேக்காரர் பாடிய முக்கியமான பாட்டுப் புத்தகத்தை பிறையிலிங்ஹவுசன் என்பவர் 1704இல்தான் வெளியிட்டார். சீகன்பால்க் கப்பலேறுவதற்குச் சற்று முன்பு! அதிலுள்ள சில மெட்டுகள் துள்ளுகின்றன, குதிக்கின்றன, தேவாலயத்துக்கு ஏற்றவையல்ல என்று 1710களில் கண்டனம் எழுதியது யார் தெரியுமா? விற்றன்பேர்க் நகரத்து இறையியல் பீடம். அதாவது லூதருடைய சொந்த ஊர்ப் பல்கலைக்கழகம். அந்த லூதரோ 1524இல் முதல் ஜேர்மன் பாட்டுப் புத்தகங்கள் அச்சானபோது, லத்தீனில் பாடகர் குழு மட்டும் பாடிக்கொண்டிருந்த இடத்தில் சாதாரண சனத்தின் வாயில் பாட்டை வைத்ததற்காகத் திட்டு வாங்கியவர். 200 வருடத்தில் அவருடைய புதுமை மரபாகிவிட்டது. மரபானவர்கள் அடுத்த புதுமையைத் திட்டினார்கள்.

இங்கே ஒரு சின்ன இடைச்செருகல். இளையோர் கூட்டங்களில் ஒரு கதை அடிக்கடி சொல்லப்படுகிறது: லூதரே மதுக்கடை மெட்டுகளை எடுத்துத்தான் தேவாலயப் பாட்டுச் செய்தார், ஆகவே நாங்கள் சினிமா மெட்டைப் பாவித்தால் என்ன என்று. அது தவறான கதை. ஜேர்மன் இசையில் 'பார்' என்று ஒரு பாட்டு வடிவம் உண்டு. முதற் பகுதி இரண்டு முறை வந்து, பின் வேறொரு பகுதி வருவது. அந்தப் பெயரைக் கேட்ட ஆங்கிலக்காரர் யாரோ அதை மதுக்கடை என்று விளங்கிக்கொண்டதால் வந்த வினை என்று இசை வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். புதுப்பாட்டுக்கு நியாயம் சொல்ல எத்தனையோ நல்ல காரணம் இருக்க, இந்தக் காரணம் வேண்டாம்.

சரி, தஞ்சாவூருக்குப் போவோம். கீர்த்தனையின் கதை அங்கேதான். வேதநாயகம் சாஸ்திரியார் 1774இல் திருநெல்வேலியில் பிறந்தவர். சுவார்ட்ஸ் ஐயர் அவரைச் சிறுவனாகத் தஞ்சாவூருக்கு அழைத்துவந்து படிக்கவைத்தார். பின்னாளில் தஞ்சை மன்னரான சரபோசி, அவருக்கு அந்தக் காலத்திலிருந்தே பழக்கம். அந்தத் தஞ்சாவூர் எப்படிப்பட்ட ஊர் என்பதை எண்ணிப் பாருங்கள். பக்கத்தில் திருவையாற்றில் தியாகராஜர் (1767–1847) பாடிக்கொண்டிருக்கிறார். சீர்காழி அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைகள் ஊரெல்லாம் பரவியிருக்கின்றன. அரண்மனையில் மன்னரைப் பாட்டுடைத் தலைவனாக்கிக் குறவஞ்சி ஆடுகிறார்கள். வயலின் என்ற வெள்ளைக்காரர் வாத்தியம் கர்நாடக சங்கீதத்துக்குள் நுழைந்துகொண்டிருக்கிறது. அந்தக் கவிஞர், தன்னைச் சுற்றி உயிரோடு ஓடிக்கொண்டிருந்த இந்த வடிவங்களை எடுத்துத்தான் பெத்லகேம் குறவஞ்சியையும் நூற்றுக்கணக்கான கீர்த்தனைகளையும் செய்தார். பல்லவி, அனுபல்லவி, சரணம், மேலே இராகமும் தாளமும். ஜேர்மன் மெட்டில் ஞானப்பாட்டுப் பாடிப் பழகிய ஒரு சபைக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்! எங்கள் காதுக்கு இன்று கிற்றாரும் கீபோட்டும் எப்படியோ, அப்படித்தான். அன்றைய சமகால இசை அது.

இந்த இடத்தில் கதை நேராகப் போகாது. 1820களில் தஞ்சைக்கு வந்த இளைய தலைமுறை மிஷனரிமாருக்கும் சாஸ்திரியாருக்கும் பெரிய பிணக்கு வந்தது. அவரும் அவருடைய பக்கத்தாரும் விண்ணப்பங்கள் எழுதினார்கள். தங்களுக்கு இழைக்கப்படும் கொடுமைகள் நான்கு என்று கணக்கிட்டார்கள். பெப்ரீசியுசின் வேதாகமத் தமிழைத் திருத்தி மாற்றுவது ஒன்று. ஆராதனையில் தமிழ்ப் பாட்டை ஒதுக்குவது இன்னொன்று. கல்யாணத்திலும் விழாவிலும் பூமாலையைத் தடுப்பது மற்றொன்று. நான்காவது, எல்லாச் சாதியினரையும் ஒன்றாகக் கலக்கும்படி வற்புறுத்துவது.

நான்காவதை வாசிக்கும்போது நமக்குச் சங்கடமாக இருக்கிறது. இருக்கத்தான் வேண்டும். பாட்டில் அத்தனை துணிவாகப் புதுமை செய்த மனிதர், நற்கருணையில் சாதி பாராமல் ஒன்றாக வரச் சொன்னதைக் கொடுமை என்று எழுதினார். வேதாகம மொழிபெயர்ப்பு விடயத்தில் அவர் பழைமைக்காரர், இசையில் புதுமைக்காரர், சாதியில் ஒரு அடியும் நகர மறுத்தவர். பூமாலையையும் தமிழ்ப் பாட்டையும் காத்ததற்காக அவரைப் புகழ்பவர்கள் மற்றதை மறைக்கிறார்கள். மற்றதைச் சொல்பவர்கள் பாட்டை மறந்துவிடுகிறார்கள். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் 'பாரம்பரியம்' என்ற சொல்லின் மூட்டைக்குள் என்னவெல்லாம் கட்டப்பட்டு வருகிறது என்பது புரியும் என்பது என் எண்ணம். மூட்டையை அவிழ்த்துப் பார்த்து, பாட்டை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட நமக்கு உரிமை உண்டு.

இதையே இருபதாம் நூற்றாண்டில் வேறொரு பக்கமிருந்து கேட்டவர் தியோபிலஸ் அப்பாவு (1940–2005). 'பரட்டை' என்ற பெயரிலும் அறியப்பட்டவர். மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றியவர். கர்நாடக இராகத்தில் அமைந்த கீர்த்தனை யாருடைய பாரம்பரியம் என்று கேட்டார். சபையில் பெரும்பாலானோர் ஒடுக்கப்பட்ட சமூகத்தவர். அவர்களுடைய பாட்டு வயலிலும் தெருவிலும் பறையோடு இருக்கிறது. அதை வாசலில் விட்டுவிட்டு வரச் சொல்கிறீர்கள் என்றார். சொன்னதோடு நிற்காமல் முழு ஆராதனை முறையையே நாட்டுப்புற மெட்டில் அமைத்தார். அவருடைய பாட்டுகள் வந்தபோது 'இது கோவிலுக்கு ஆகாது' என்று சொன்னவர்கள் பலர், கீர்த்தனையின் பாதுகாவலர்கள்!

சாஸ்திரியார் 1864இல் காலமானார். அதற்கு முன்பே, 1853இல், அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வேட் வெப் என்பவர் தமிழ்க் கீர்த்தனைகளைத் திரட்டி ஆராதனைக்கென்று அச்சிட்டார். அதில் பெரும்பங்கு சாஸ்திரியாருடையவை. ஒரு வெள்ளைக்காரர் தொகுத்து அச்சிட்டதால்தான் கீர்த்தனை சபைக்குள் உரிமையோடு உட்கார்ந்தது என்று சொல்வது மிகையாகாது. யாழ்ப்பாணத்தாருக்கு இதில் ஒரு சின்ன உறவும் உண்டு. அந்த மதுரை மிஷன், 1816 முதல் யாழ்ப்பாணத்தில் வேலைசெய்துவந்த அமெரிக்க மிஷனின் கிளையாக 1834இல் தொடங்கப்பட்டது. தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் உடுவிலிலும் இருந்தவர்களின் அனுபவத்தோடு கடல் கடந்து போனது அது. எங்கள் ஊர்ச் சபைகளில் பாமாலையும் கீர்த்தனையும் ஒரே ஆராதனையில் மாறி மாறி வந்ததைப் பெரியவர்கள் நினைத்துப் பார்ப்பார்கள். அந்தக் கலப்பு யாரும் எளிதாகப் பெற்றதல்ல.

பாமாலையின் ஆங்கில மெட்டுகளுக்கும் இதே விதிதான். திரித்துவ ஞாயிறன்று பாடப்படும் புகழ்பெற்ற 'பரிசுத்தர்' பாட்டை எழுதிய பேராயர் ஹீபர், தன் பாட்டுத் தொகுப்பை இங்கிலாந்துத் திருச்சபையில் பாட அனுமதி கேட்டபோது, பெரியவர்கள் தயங்கி அனுமதி கொடுக்கவில்லை. அங்கே சங்கீதங்கள் தவிர வேறு பாட்டு முறையானதா என்பதே அப்போது வழக்கு. அவர் 1826 ஏப்ரல் 3ஆம் திகதி நமது திருச்சிராப்பள்ளியில் இறந்தார். பாட்டுப் புத்தகம் 1827இல்தான் வெளிவந்தது. 'இயேசுவைப் போல் நண்பர் உண்டோ' என்ற கருத்தில் உலகமெல்லாம் பாடப்படும் பாட்டை எழுதிய ஜோசப் ஸ்கிரிவன், அயர்லாந்திலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்தவர். ஊரில் நோயாயிருந்த தாய்க்கு ஆறுதலாக 1855இல் எழுதியது என்பார்கள். போய்ப் பார்க்க முடியாத தூரத்திலிருந்து தாய்க்கு எழுதிய மகன்! இதை நான் நம் சபையாருக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அதைப் போன்ற பாட்டுகளைப் பரப்பிய சாங்கி, 1870களில் பிரித்தானியாவில் பாடியபோது இது நாடகக் கொட்டகைச் சங்கீதம் என்று முகம் சுழித்தவர்கள் இருந்தார்கள். இன்று அவை 'பழைய நல்ல பாட்டுகள்'.

ஆர்மோனியத்தையும் சொல்லிவிடுகிறேன். கிற்றார் வேண்டாம், நம் பாரம்பரிய ஆர்மோனியம் போதும் என்று ஒரு பெரியவர் என்னிடம் வாதாடினார். ஆர்மோனியம் 1840களில் பாரிஸ் நகரில் காப்புரிமை பெற்றது. நம் சங்கீதத்தின் கமகத்துக்கு ஒவ்வாதது என்று அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதைத் தடைசெய்தே வைத்திருந்தது. கிற்றாரோ, உலகமே பாடும் 'அமைதியான இரவு' நத்தார்ப் பாட்டு 1818இல் ஓஸ்திரிய ஊரொன்றில் முதன்முதல் பாடப்பட்டபோது துணைக்கு வாசிக்கப்பட்ட வாத்தியம்.

கத்தோலிக்க நேயர்கள் 'எங்கள் கதை எங்கே' என்று கேட்பது காதில் விழுகிறது. ஈழத்தமிழ்க் கிறிஸ்தவர்களில் அவர்கள்தானே பெரும்பான்மை. அவர்களுக்குப் பூசை லத்தீனில் இருந்தது. ஆனால் பூசைக்கு வெளியே தமிழ் செழித்திருந்தது. கோவையிலிருந்து, அதாவது கொங்கணி பேசும் கோவாவிலிருந்து, 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள், தமிழையும் சிங்களத்தையும் கற்று இரண்டிலும் எழுதிக் குவித்தார். தவக்காலத்தில் நம் கோவில்களில் இராகமிழுத்து வாசிக்கப்படும் வியாகுலப் பிரசங்கம் அவருடையது. ஊரில் பசாம் படிப்பது என்போமே, அந்த வாசிப்பைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது ஒப்பாரியின் குரல் என்பது தெரியும். செத்த வீட்டில் நம் பெண்கள் அழும் அழுகையின் இராகத்திலே தேவதாயும் தன் மகனுக்காக அழுகிறாள். டச்சுக்காரர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில் பிறந்த எழுத்து அது என்பதையும் மறக்கக் கூடாது.

1963 டிசெம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாடு பற்றிய ஏட்டை வெளியிட்டது. அந்தந்த நாட்டு மக்களின் இசைமரபுக்கு உரிய இடம் கொடுக்கும்படி அது சொல்லியது. தொடர்ந்த ஆண்டுகளில் பூசை தமிழுக்கு வந்தது. மிருதங்கமும் வயலினும் பீடத்தருகே வந்தன. 1965இல் யாழ்ப்பாணத்தில் மரிய சேவியர் அடிகள் தொடங்கிய திருமறைக் கலாமன்றம், திருப்பாடுகளின் நாடகத்தையும் நாட்டுக்கூத்தையும் எடுத்துச் சென்ற தூரம் பெரியது. அடிகளார் 2021இல் மறைந்தார். புரட்டஸ்தாந்தர் பக்கத்தில் அதே காலத்து முயற்சி தெல்லிப்பழைக்காரரான டி.ரி. நைல்சுடையது. 1963இல் அவர் பதிப்பித்த கிழக்காசியத் திருச்சபைகளின் பாட்டுப் புத்தகத்தில் ஆசிய நாடுகளின் மெட்டுகள் மேலைநாட்டுப் பாட்டுகளோடு சரிக்குச் சரியாக வந்தன. நமக்கு அவர் பெயர் மறந்துபோனது. உலகத் திருச்சபை வரலாற்றில் மறக்கவில்லை.

இனி நாம் வாழும் நாட்டுக்கு வருவோம். இங்குள்ள தேவாலயத்தில் கூட்டம் குறைவென்று நாம் சொல்கிறோம். ஆனால் பாட்டுச் சண்டையில் அவர்கள் நமக்கு அண்ணன்மார். 1961இல் மார்ட்டின் கொத்தாட் சினைடர் என்பவர் 'டாங்க' என்று ஒரு பாட்டெழுதினார். நன்றி என்று பொருள். காலைப்பொழுதுக்கு, வேலைக்கு, நண்பருக்கு என்று சாதாரண விடயங்களுக்கெல்லாம் நன்றி சொல்லும் எளிய பாட்டு, ஜாஸ் சாயலில். 1963இல் அது வெற்றிப் பாடல்களின் வரிசையில் ஏறியது. தேவாலயத்திலோ பெரிய அமளி; இசைப் பொறுப்பாளர்கள் பலர் அதை மட்டமான வெகுசனப் பாட்டென்றார்கள். இன்று அது இங்குள்ள புரட்டஸ்தாந்தரின் பாட்டுப் புத்தகத்தில் 334ஆம் இலக்கம். முதியோர் இல்லத்தில் பாடச்சொன்னால் பாட்டிமார் புத்தகம் பார்க்காமல் பாடுவார்கள். நம் பிள்ளைகளுக்கு அது பழைய பாட்டு!

அதே புத்தகத்தில் 'நாமெல்லோரும் தேவனுக்கு நன்றி சொல்வோம்' என்ற கருத்தில் தொடங்கும் இன்னொரு பாட்டுண்டு. மார்ட்டின் றிங்கார்ட் எழுதியது. அவர் முப்பதாண்டுப் போரின்போது (1618–1648) ஐலன்பேர்க் என்ற சிறிய மதில் நகரத்தில் குருவானவர். போருக்குத் தப்பி ஓடிவந்த அகதிகள் அந்த மதிலுக்குள் நெருக்கியடித்தார்கள். 1637இல் கொள்ளைநோய் புகுந்தது. மற்றக் குருமார் இறந்தோ போயோ விட, அவர் ஒருவரே அடக்க ஆராதனைகளை நடத்தினார். அந்த ஒரு வருடத்தில் 4000க்கு மேற்பட்டோர் என்று சொல்லப்படுகிறது. அவருடைய மனைவியும் அதில் ஒருவர். நம் பிள்ளைகள் பாடசாலை ஆராதனையில் கொட்டாவி விட்டபடி பாடும் அந்தப் பாட்டின் பின்னால் முள்ளிவாய்க்காலை ஒத்த ஒரு ஊர் இருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லிக் கொடுத்தார்களா?

இங்கேதான் என் மனதில் உள்ள கவலை வருகிறது.

1990களில் கசெற்றாக வந்து, பின் சீடியாகி, இப்போது கைத்தொலைபேசியில் ஓடும் தமிழகத்துப் புதுப்பாட்டுகளை நான் வெறுப்பவனல்ல. பெர்க்மான்ஸ் அவர்களின் ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள் எத்தனை அகதி முகாம் அறைகளில் ஒலித்தன! தஞ்ச விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட கடிதத்தை மேசையில் வைத்துக்கொண்டு, அந்தக் கசெற்றைத் திரும்பத் திரும்பப் போட்டவர்கள் இருக்கிறார்கள். அவற்றின் சொற்கள் எளியவை. பல்லவி திரும்பத் திரும்ப வருகிறது. தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளை ஒரே ஞாயிறில் பிடித்துக்கொள்கிறது. 'அனுக்கிரகம்', 'கிருபாசனம்' என்று தொடங்கும் கீர்த்தனையை ஜேர்மன் எழுத்தில் எழுதித் திரையில் போட்டால், பிள்ளை சத்தத்தை வாசிக்கும். பொருளை எங்கே தேடும்? அதுவும் பதினாறு மாத்திரைக்குப் பாடவேண்டியதை முப்பத்திரண்டுக்கு இழுத்துப் பாடும் நம் வழக்கம் வேறு. சாஸ்திரியார் கேட்டால் வருந்துவார்.

ஆனால் புதுப்பாட்டுகளை ஒரு வருடம் வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் 'நான்', 'என்', 'எனக்கு'. ஆசீர்வாதம், வெற்றி, உயர்வு. அழுகை எங்கே? சங்கீதப் புத்தகத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் புலம்பல்கள் என்று வேத அறிஞர் கணக்கிடுகிறார்கள். நாடுகடத்தப்பட்டவர்கள் ஆற்றங்கரையில் அழுத 137ஆம் சங்கீதம் அகதிகளின் சொந்தப் பாட்டு. (அதை 1978இல் ஜேர்மனியிலிருந்து வந்த பொனி எம் குழு ஆட்டப்பாட்டாக்கி உலகமெல்லாம் ஆடவைத்தது வேறு கதை.) 2009இன் பின் உறவுகளைத் தேடிக்கொண்டே இருக்கும் ஒரு தாய் ஞாயிறு ஆராதனைக்கு வந்து, 'ஜெயம், ஜெயம்' என்று நான்கு பாட்டுக் கைதட்டிப் பாடிவிட்டு வீடு போகிறாள். அவளுக்கென்று ஒரு பாட்டு அன்று இல்லை. வியாகுலப் பிரசங்கத்திலும் பாடுகளின் கீர்த்தனைகளிலும் பெரிய வெள்ளியின் பழைய ஞானப்பாட்டுகளிலும் அது இருந்தது. பழையவற்றைக் கைவிடும்போது இராகத்தை மட்டும் இழக்கவில்லை. சபை ஒன்றாக அழும் வசதியை இழக்கிறோம். ஆவணி மாதத்தில் கேவலார் யாத்திரைக்கு ஆயிரக்கணக்கில் போகும் நம் சனத்தில், சைவர்கள் உட்பட, பலரும் தேடிப்போவது அதைத்தான் என்று எனக்குத் தோன்றும். அங்குள்ள மாதாவின் பெயரே துயருற்றோரின் ஆறுதல்.

இன்னொன்று, செத்த வீடு. அம்மம்மா இறந்தால் அவருடைய பாட்டு எதுவென்று பேரப்பிள்ளைக்குத் தெரியாது. அடக்கத்தில் மூன்று நாலு வயோதிபர் நடுங்கும் குரலில் கீர்த்தனை பாட, கறுப்பு உடுத்த இளையவர்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இது நான் பல தடவை கண்டது. காலை ஆராதனை, மாலை ஆராதனை என்று பிரித்ததன் விலை அங்கேதான் தெரிகிறது.

வரலாற்றில் பாட்டு எப்படிக் கைமாறியது? தரங்கம்பாடிப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் படித்தார்கள். சாஸ்திரியார் ஊரூராகப் போய்த் தானே பாடினார். வெப் அச்சிட்டார். அதாவது யாரோ ஒருவர் மினக்கெட்டார். வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் சைவப் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக் கொடுக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு எத்தனை சபையில் ஒரு கீர்த்தனை பொருளோடு சொல்லிக் கொடுக்கப்படுகிறது? வருடத்துக்கு மூன்று போதும்: நத்தாருக்கு ஒன்று, பாடுகளின் காலத்துக்கு ஒன்று, அடக்கத்துக்கு ஒன்று. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஜேர்மன் எழுத்தும் பொருளும். பதிலுக்குப் பெரியவர்களும் இளையோரிடமிருந்து மூன்று புதுப்பாட்டுப் படிக்க வேண்டும். கடைசி வரிசையில் கைகட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. இரண்டு ஆராதனை வைத்திருக்கும் சபைகள் மாதத்தில் ஒரு ஞாயிறாவது ஒன்றாகக் கூடட்டும்.

தவக்காலம் தொடங்கும்போது எங்கள் நிகழ்ச்சியிலும் இதைச் செய்து பார்க்க இருக்கிறோம். பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து பாடிய கீர்த்தனைகளின் ஒலிப்பதிவை அனுப்புங்கள். கைத்தொலைபேசிப் பதிவே போதும். ஒரு வேண்டுகோள். சுருதியைப் பெண்பிள்ளைகளின் குரலுக்கென்று மிக மேலேயும் வைக்க வேண்டாம், ஐயாமாருக்கென்று மிகக் கீழேயும் வைக்க வேண்டாம். டி அல்லது ஈ கட்டையில் தொடங்கிப் பாருங்கள், எல்லோருக்கும் எட்டும்.